பேராயர் என்றால் பிஷப்பா, ஆர்ச்பிஷப்பா?

தாமிரபரணிக்கரை

வணக்கம். எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தின் ஆண்டுவிழா மலரை, தமிழ் படிக்கத் தெரியாமல் வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலர் முழுக்கப் பேராயர் வருகிறார். பேராயர் அடிக்கல் நாட்டினார், பேராயர் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார் என்று. நானும் வந்த இடத்திலெல்லாம் ஆர்ச்பிஷப் என்று எழுதி நாற்பது பக்கம் முடித்துவிட்டேன். நேற்று என் நாத்தனார் வாங்கிப் படித்தாள். மதுரையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். "அண்ணி, நம்ம சபையில ஆர்ச்பிஷப்பே கிடையாதே" என்கிறாள்.

அவர்கள் வீட்டிலும் பேராயர் என்ற சொல்தான். ஆனால் அது வேறு ஆளைக் குறிக்கிறதாம். ஆர்ச்பிஷப் என்றால் யார், மற்ற பிஷப்மாருக்கு மேலதிகாரியா, இங்கிலாந்தில் கேன்டர்பரியில் இருப்பவர்தான் எங்களுக்கும் தலைவரா? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். அச்சுக்குக் கொடுக்க இரண்டு வாரம் இருக்கிறது.

வைகைவடகரை

உங்கள் நாத்தனார் சொல்வது சரி அக்கா. நான் பங்கில் மறைக்கல்வி எடுப்பவன். எங்கள் வழக்கத்தில் பிஷப் என்றால் ஆயர், ஆர்ச்பிஷப் என்றால் பேராயர். ஆயருக்கு மறைமாவட்டம், பேராயருக்கு உயர்மறைமாவட்டம். உங்கள் சபையில் பிஷப்பையே பேராயர் என்கிறீர்கள். அவருடைய எல்லையைத் திருநெல்வேலிப் பக்கம் திருமண்டலம் என்பீர்கள், நாகர்கோவில் பக்கம் பேராயம் என்பார்கள். ஒரே சொல்லை இரண்டு சபைகள் இரண்டு படியில் வைத்திருக்கின்றன. மலரின் பழைய பக்கங்களில் அத்தியட்சர் என்று இருந்தால் அதுவும் பிஷப்தான்.

எங்கள் பாட்டி காலத்தில் ஆயர் என்று யாரும் சொன்னதில்லை, மேற்றிராணியார் என்பார்கள். மலையாளத்து மெத்ரானும் அதுவும் ஒரே வேர். சுரியானி மொழியில் அந்த வேர்ச்சொல் மெட்ரோபொலிட்டனைக் குறிக்கும். அதாவது ஆர்ச்பிஷப்புக்கு உரிய சொல்லைத்தான் சாதாரண பிஷப்புக்கு நம் முன்னோர் வைத்தார்கள். அப்புறம் உண்மையான ஆர்ச்பிஷப் வந்தபோது அதிமேற்றிராணியார் என்று இன்னொரு அடுக்கு போட வேண்டியதாயிற்று. இந்தக் குழப்பம் உங்களிடம் தொடங்கியது இல்லை.

அதிகாரம் பற்றிக் கேட்டீர்கள். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் உதாரணம் இது. மதுரை உயர்மறைமாவட்டத்தோடு திருச்சி, தூத்துக்குடி, கோட்டாறு, குழித்துறை, பாளையங்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் சேர்ந்தது ஒரு மறைமாநிலம். மதுரைப் பேராயர் அதற்குத் தலைவர். ஆனாலும் தூத்துக்குடியில் ஒரு பங்குத்தந்தையை மாற்ற அவரால் முடியாது. அங்கே ஒரு பள்ளிக்கூடம் திறக்கவோ மூடவோ முடியாது. அது தூத்துக்குடி ஆயரின் வேலை. அந்த ஆயர் திருத்தந்தைக்கு, அதாவது போப்புக்கு, நேரடியாகக் கட்டுப்பட்டவர், மதுரைக்கு அல்ல.

பேராயருக்கு இருப்பது கண்காணிப்பு. விசுவாசமும் ஒழுங்கும் தன் மாநிலத்தில் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, பிசகு இருந்தால் திருப்பீடத்துக்குத் தெரிவிப்பார். ஓர் ஆயர் இறந்தோ மாறியோ போனபின், அங்குள்ள குருக்கள் குழு எட்டு நாளுக்குள் நிர்வாகியைத் தேர்ந்தெடுக்கத் தவறினால் பேராயர் ஒருவரை நியமிப்பார். 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு கனமான பொறுப்பைச் சேர்த்தார். ஓர் ஆயர் மீதே பாலியல் குற்றச்சாட்டோ மூடிமறைத்த புகாரோ வந்தால், உரோமையின் உத்தரவோடு விசாரிக்க வேண்டியவர் அந்த மாநிலத்தின் பேராயர். பல நூற்றாண்டாகப் பெரும்பாலும் மரியாதைக்குரியதாக இருந்த பதவிக்கு இப்போதுதான் முதுகெலும்பு திரும்ப வந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திருப்பட்டங்களில் மூன்று நிலைதான்: திருத்தொண்டர், குரு, ஆயர். பேராயர் என்று நான்காவது நிலை கிடையாது. ஆயர் பேராயராகும்போது மறுபடி திருநிலைப்படுத்துவதில்லை.

தாமிரபரணிக்கரை

தம்பி, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அதிகாரம் இல்லையென்றால் அந்தப் "பேர்" எதற்கு? சும்மா மரியாதைக்கா?

பழைய ஏடு

அக்கா கேட்டது சரியான கேள்வி. அதிகாரம் குறைந்தது பின்னால் நடந்தது. முதலில் இந்தப் பதவி எப்படி இருந்தது என்று பார்க்க கேன்டர்பரியைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தவர்கள்) அதே நாற்காலியைத் தங்கள் வரலாறாகச் சொல்கிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

597இல் போப் முதலாம் கிரகோரி அனுப்பிய அகுஸ்தீன் என்ற துறவி கென்ட் நாட்டில் வந்து இறங்கினார். அரசன் எதெல்பெர்ட் கிறிஸ்தவன் இல்லை, அரசி பெர்த்தா கிறிஸ்தவள். அவள் ஜெபித்துவந்த தூய மார்ட்டின் கோயில் இன்றும் கேன்டர்பரியில் இருக்கிறது. கிரகோரியின் திட்டத்தில் கேன்டர்பரியே இல்லை. லண்டனில் ஒரு பேராயர், யார்க்கில் ஒரு பேராயர், ஒவ்வொருவருக்கும் கீழே பன்னிரண்டு ஆயர்கள் என்று 601இல் எழுதி அனுப்பினார். அகுஸ்தீன் இறந்தபின் இருவரில் யார் முதலில் திருநிலை பெற்றாரோ அவருக்கே முதலிடம் என்றும் எழுதினார். ஆனால் ஆதரவு தந்த அரசன் கென்ட்டில் இருந்தான். அதனால் நாற்காலி அங்கேயே நின்றுவிட்டது. யார்க்குக்கு நிலையான பேராயர் 735இல்தான் வந்தார். அதற்குள் கேன்டர்பரி தன்னை மூத்ததாக நினைக்கப் பழகிவிட்டது.

அந்தக் காலத்தில் ஒரு பேராயர் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தியடோரைச் சொல்லலாம். இன்றைய துருக்கியில் இருக்கும் தர்சு பட்டணத்துக்காரர், கிரேக்க மொழி பேசியவர். பவுலின் ஊர் என்றால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். 668இல் போப் அவரைப் பேராயராக்கினார். கீழ்த்திசை வழக்கப்படி தலையை முழுக்க மழித்திருந்ததால், உரோமை முறையில் முடி வெட்டிக்கொள்ளும் அளவுக்கு வளரட்டும் என்று நாலு மாதம் காத்திருந்தார். பயணம் புறப்பட்டபோது வயது 66. அந்த வயதில் போய் இருபது ஆண்டுக்கு மேல் இருந்து, சிதறிக் கிடந்த ஆயர்களை ஒரே சங்கமாகக் கூட்டினார். பெரிய மறைமாவட்டங்களைப் பிரித்தார், பள்ளி நடத்தினார். இங்கிலாந்து ஒரே அரசாவதற்கு முன்பே ஒரே திருச்சபையானது அவரால்தான். அந்தப் "பேர்" எதற்கு என்றால், அன்றைக்கு இதற்குத்தான்.

இப்போது அடையாளம். பேராயருக்கு உரிய தனி அடையாளம் பாலியம் என்ற கழுத்துப்பட்டை. ஆட்டுக்குட்டி ரோமத்தில் நெய்த வெள்ளைப் பட்டை, கறுப்புச் சிலுவைகள் போட்டது. ஜனவரி 21, தூய ஆக்னஸ் திருநாளில் ஆட்டுக்குட்டிகளை ஆசீர்வதிப்பார்கள். ஜூன் 29, பேதுரு பவுல் திருநாளில் புதிய பேராயர்களுக்கான பாலியங்களை உரோமையில் ஆசீர்வதிப்பார்கள். தோளில் ஆட்டைச் சுமக்கும் மேய்ப்பனை நினைவூட்டுவது அது. அதைப் போப்பிடம் பெறாமல் பேராயர் முழு அதிகாரத்தோடு செயல்பட முடியாது என்ற வழக்கம் மெல்ல உறுதியானது. தொலைவில் இருக்கும் பேராயரை உரோமையோடு கட்டிய கயிறு அது. அரசர்களுக்கு எரிச்சல் வந்ததும் அதனால்தான்.

வைகைவடகரை

ஐயா, ஒரு சின்னச் சேர்க்கை. 2015இலிருந்து பாலியத்தை அந்தந்த உயர்மறைமாவட்டத்தில், மக்கள் முன்னால், திருத்தந்தையின் தூதர் அணிவித்துவந்தார். 2025 ஜூன் 29 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ பழையபடி உரோமையில் தம் கையாலேயே அணிவித்தார். எனக்கு முந்தைய ஏற்பாடுதான் பிடித்திருந்தது. பாலியம் போடும் பூசையைச் சொந்த ஊர்ச் சனம் பார்ப்பது பெரிய விஷயம்.

பழைய ஏடு

நன்றி தம்பி, தொடர்கிறேன். கேன்டர்பரி என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது தாமஸ் பெக்கெட் கொலை. அரசன் இரண்டாம் ஹென்றிக்கும் பேராயருக்கும் குருக்களை யார் விசாரிப்பது என்பதில் தகராறு, அதனால் கொன்றார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கடைசிப் பொறி வேறு. 1170 ஜூனில் ஹென்றி தன் மகனுக்கு முடிசூட்டியபோது பெக்கெட் நாடு கடந்திருந்தார். முடிசூட்டுவது கேன்டர்பரியின் உரிமை. அதை யார்க் பேராயர் ரோஜர் செய்துவிட்டார். பெக்கெட் திரும்பிவரும்போது அதில் பங்கெடுத்த ஆயர்களைத் தண்டித்தார். அவர்கள் அரசனிடம் போய் முறையிட்டார்கள். அரசனின் கோபப் பேச்சைக் கேட்ட நாலு வீரர்கள் கடல் தாண்டி வந்து, டிசம்பர் 29 மாலை கோயிலுக்குள்ளேயே அவரை வெட்டினார்கள். 601இல் கிரகோரி எழுதிய கடிதத்தின் நிழல் 1170 வரை விழுந்தது என்பதுதான் நான் சொல்லவருவது.

அதே ரோஜர் 1176இல் வெஸ்ட்மின்ஸ்டரில் போப்பின் தூதர் முன் கூடிய சங்கத்தில், தூதரின் வலப்பக்க இருக்கையில் கேன்டர்பரிப் பேராயர் ரிச்சர்ட் ஏற்கெனவே உட்கார்ந்திருக்க, அவர் மடியிலேயே போய் உட்கார்ந்தார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் அடி விழுந்து உடை கிழிந்தது. எழுதியவர்கள் கேன்டர்பரித் தரப்பு, அதையும் மனதில் வைக்கவேண்டும். 14ஆம் நூற்றாண்டில் கேன்டர்பரிக்கு "இங்கிலாந்து முழுமைக்கும் முதன்மையர்", யார்க்குக்கு "இங்கிலாந்தின் முதன்மையர்" என்று பட்டம் பிரித்துத் தீர்த்தார்கள். அந்த இரண்டு பட்டமும் இன்றைக்கும் இருக்கின்றன.

சுண்டிக்குளி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், நான் ஆங்கிலிக்கன். அக்கா, உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பங்கு. உங்களுக்குக் கேன்டர்பரி தலைவர் இல்லை. எங்களுக்கு ஒரு வகையில் தலைவர்தான்!

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் ஏற்கெனவே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகித்தான் உங்கள் சி.எஸ்.ஐ. பிறந்தது. அங்கே பிஷப் உண்டு, ஆர்ச்பிஷப் இல்லை. பிஷப்மாருள் ஒருவரை சினாட் என்ற சபையின் பொதுப்பேரவை குறிப்பிட்ட காலத்துக்கு மாடரேட்டராகத் தெரிவுசெய்கிறது. அவரைத்தான் தமிழில் பிரதமப் பேராயர் என்கிறீர்கள். காலம் முடிந்தால் இன்னொருவர் வருவார். அது உத்தியோகம், ஆசனம் அல்ல.

நாங்கள் இலங்கையில் அந்த இணைப்புக்குள் வரவில்லை. முன்பு கல்கத்தா பிஷப்தான் மெட்ரோபொலிட்டன், அதாவது மாகாணத் தலைவர். 1970இல் வட இந்தியத் திருச்சபை உருவாகி, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கைக்கான பழைய ஆங்கிலிக்கன் மாகாணம் கலைந்தபோது, கொழும்பு, குருநாகல் என்ற இரண்டு மறைமாவட்டங்களும் தனித்து நின்றன. சொந்த மாகாணம் அமைக்க அது போதாது. ஆகவே கேன்டர்பரி பேராயரே எங்கள் மெட்ரோபொலிட்டன். என் அப்பம்மாவுக்கு லண்டன் எங்கே என்று தெரியாது, ஆனால் வழிபாட்டில் கேன்டர்பரி என்ற பேர் காதில் விழும்.

இங்கே கத்தோலிக்கருக்கு முழு நாடும் ஒரே மறைமாநிலம், கொழும்புப் பேராயர்தான் தலைவர். யாழ்ப்பாண ஆயர் அதற்குள் வருவார்.

தாமிரபரணிக்கரை

அப்படியானால் 1947இல் நாங்கள் ஆர்ச்பிஷப் வேண்டாம் என்று விட்டுவிட்டோமா? ஏன்?

சுண்டிக்குளி

பிஷப் பதவியையே ஏற்காத சபைகளோடு இணைகிறபோது, பிஷப்பை ஏற்கச் செய்வதே பெரிய பாடு. அதற்கு மேல் ஓர் ஆர்ச்பிஷப்பையும் வைக்கப்போனால் யார் வருவார்கள்? அதனால்தான் தலைவரை சினாட் தெரிவுசெய்யட்டும் என்று வைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன். உங்கள் பிஷப்பின் ஆங்கிலப் பட்டத்தைக் கவனியுங்கள். திருநெல்வேலி"யின்" பிஷப் என்று இராது, திருநெல்வேலி"யில்" பிஷப் என்றே இருக்கும். ஊர் அவருக்குச் சொந்தமில்லை என்று சொல்வது போல எனக்குப் படும். நான் வெளியில் நின்று பார்க்கிறவன், ஆனாலும் அதை அழகான முடிவாகவே நினைக்கிறேன்.

ஆங்கிலிக்கன் உலகில் இது புதிதும் இல்லை. ஸ்கொட்லாந்தில் ஆர்ச்பிஷப் கிடையாது, பிரைமஸ் என்பார்கள். அமெரிக்காவில் தலைமை பிஷப் மட்டும்தான்.

மெழுகுவெளிச்சம்

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒன்று கேட்க வேண்டும் போல் இருக்கிறது. பழைய ஏடு ஐயா கேன்டர்பரியை இரண்டு சபைக்கும் பொதுவான வரலாறு என்கிறார். எட்டாம் ஹென்றி உரோமையை விட்டுப் பிரிந்தபோதே கத்தோலிக்கத் தொடர்ச்சி அறுந்துவிட்டது இல்லையா? பிறகு எப்படி அதே நாற்காலி?

வைகைவடகரை

எங்கள் சபையின் நிலைப்பாட்டை மறைக்காமல் சொல்கிறேன். 1896இல் திருத்தந்தை 13ஆம் லியோ, ஆங்கிலிக்கன் திருநிலைப்பாடுகள் செல்லாதவை என்று அறிவித்தார். அந்த முடிவு இன்னும் மாறவில்லை. எங்கள் கணக்கில் கேன்டர்பரியின் கடைசிக் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் ரெஜினால்ட் போல். அரசி மேரி இறந்த அதே 1558 நவம்பர் 17 அன்று அவரும் இறந்தார்.

தாமிரபரணிக்கரை

தம்பி, நீங்கள் மரியாதையாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் "செல்லாதவை" என்ற சொல் நெஞ்சில் குத்துகிறது. எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, எங்கள் பெற்றோரை அடக்கம் செய்தவர்கள் அந்த வரிசையில் வந்தவர்கள்.

வைகைவடகரை

மன்னியுங்கள் அக்கா. உங்கள் ஞானஸ்நானத்தை எங்கள் சபை முழுமையாக ஏற்கிறது, அதில் ஐயமே வேண்டாம். நான் சொன்னது பதவி பற்றிய தீர்ப்பை மட்டும். என் மனதுக்கும் அது இலகுவானது இல்லை, என் சித்தி உங்கள் சபைதான்.

பழைய ஏடு

இருவர் சொன்னதையும் வைத்துக்கொண்டே கேள்விக்கு வருகிறேன். போல் இறந்தபின் 1559இல் மாத்யூ பார்க்கர் வந்தார். கோயில் அதே கோயில், மறைமாவட்டம் அதே மறைமாவட்டம். ஆங்கிலிக்கர் கணக்கு நிறுத்தாமல் ஓடுகிறது. 2025 அக்டோபர் 3 அன்று புதிய பேராயராக அறிவிக்கப்பட்ட சாரா முல்லாலி அகுஸ்தீனிலிருந்து 106ஆவது. அந்த எண்ணில் பெக்கெட்டும் உண்டு, போலும் உண்டு, அரசி மேரி காலத்தில் எரிக்கப்பட்டபோது நெருப்பில் தன் வலக்கையை முதலில் நீட்டிய கிரான்மரும் உண்டு. இன்னும் ஒன்று: கேன்டர்பரியின் சின்னத்தில் இன்றும் இருப்பது பாலியம்தான். உரோமை நெய்து தருவது நின்று 450 ஆண்டுக்கு மேல் ஆகிறது. பட்டை போய்விட்டது, அதன் படத்தை அழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

உரோமை என்ன செய்தது? 1850இல் இங்கிலாந்தில் மறுபடி மறைமாவட்டங்களை அமைத்தபோது கேன்டர்பரிப் பெயரைத் தொடவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் என்று புதிதாக வைத்தார்கள். அப்படியும் கொந்தளிப்பு வந்து, மறுவருடமே இத்தகைய பட்டங்களைத் தடுத்துச் சட்டம் போட்டார்கள். இருபது ஆண்டில் அதை நீக்கியும் விட்டார்கள். இன்று கேன்டர்பரி நகரத்துக் கத்தோலிக்கர்கள் சதர்க் உயர்மறைமாவட்டத்தில் சேர்ந்தவர்கள்.

அயர்லாந்தில் கதை வேறு. அர்மா என்ற சின்ன ஊரில் கத்தோலிக்கப் பேராயர் ஒருவர், ஆங்கிலிக்கப் பேராயர் ஒருவர். இரண்டு மேடு, இரண்டு பேராலயம், இரண்டுக்கும் பெயர் தூய பேட்ரிக். இரு தரப்பும் அந்தப் புனிதரின் வழித்தோன்றலாகத் தங்களைச் சொல்கிறார்கள்.

அக்காவுக்கு ஆறுதலாக ஒரு நிகழ்ச்சி. 1966 மார்ச்சில் கேன்டர்பரிப் பேராயர் மைக்கேல் ராம்சே உரோமை போனபோது, போப் ஆறாம் பவுல் தம் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி அவருக்கு அணிவித்தார். ராம்சே அழுதுவிட்டார். 1896 தீர்ப்பு அப்படியேதான் இருந்தது, ஆனாலும் ஓர் ஆயருக்குத் தரும் பொருளைத் தந்தார். பிறகு வந்த கேன்டர்பரிப் பேராயர்களும் உரோமை போகும்போது அதை அணிந்து போயிருக்கிறார்கள்.

மெழுகுவெளிச்சம்

அந்த மோதிரம் பற்றித் தெரியாது. நன்றி ஐயா. கேன்டர்பரிப் பேராயராகப் பெண் ஒருவர் வந்ததை இலங்கையில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று சுண்டிக்குளி சொல்லுங்களேன்.

சுண்டிக்குளி

எல்லாருக்காகவும் என்னால் பேச முடியாது. எனக்கு நிறைவாக இருந்தது. அவர் தாதியாக இருந்தவர். இங்கிலாந்தின் தலைமைத் தாதி அதிகாரியாக 1999 முதல் 2004 வரை கடமையாற்றிவிட்டு, பிறகு முழுநேர ஊழியத்துக்கு வந்தவர். முந்தியவர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகக் காரணமே, ஒரு முகாம் நடத்துநர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமை பற்றிய புகார் முறையாகக் கையாளப்படவில்லை என்ற அறிக்கை. வலியோடு வந்தவர்களைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் அந்த ஆசனத்துக்கு இப்போது தேவை என்பது என் கருத்து.

ருவாண்டா, நைஜீரியா சபைத் தலைவர்கள் உடனேயே எதிர்த்தார்கள். அவர்களும் பேராயர்கள்தான். கேன்டர்பரி அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. 1867இல் ஆங்கிலிக்கன் பிஷப்மாரின் முதல் லாம்பெத் மாநாடு கூடியதிலிருந்தே அது அழைக்கலாம், உபசரிக்கலாம், கட்டளையிட முடியாது. சமமானவர்களுள் முதல்வர் என்பார்கள். வைகைவடகரை சொன்ன மதுரைப் பேராயர் கதையும் இதுவும் அவ்வளவு தூரமில்லை, ஒரு வித்தியாசம்: மதுரையில் முடியாதது உரோமையில் முடியும். எங்களுக்கு அதற்கு மேல் படி கிடையாது.

வைகைவடகரை

அந்த வித்தியாசத்தை நான் இப்படி யோசித்ததில்லை. உண்மைதான். நியமனத்திலும் அது தெரிகிறது. எங்கள் பேராயரைத் திருத்தந்தை நியமிக்கிறார். கேன்டர்பரிக்கு ஒரு தேர்வுக்குழு மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் பெயரை முடிவுசெய்து, அது பிரதமர் வழியாக அரசருக்குப் போய், கேன்டர்பரிப் பேராலயக் குருக்கள் குழு முறைப்படி தேர்ந்தெடுக்கிறது. எங்களுக்கு 75 வயதில் பணி விலகல் கடிதம், அவர்களுக்கு 70.

தாமிரபரணிக்கரை

எல்லாருக்கும் நன்றி. இன்று உட்கார்ந்து நாற்பது பக்கத்தையும் திருத்தினேன். பேராயர் வந்த இடமெல்லாம் பிஷப், பிரதமப் பேராயர் மாடரேட்டர், பழைய அத்தியட்சரும் பிஷப்.

கடைசிப் பக்கத்தில் மட்டும் நின்றுவிட்டேன். பல வருடத்துக்கு முன் மதுரையில் நடந்த கிறிஸ்தவ ஒற்றுமை ஆராதனைப் படம். எங்கள் பிஷப்பும் நாத்தனார் சபைப் பேராயரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கைதூக்கி ஆசி சொல்கிறார்கள். கீழே தமிழில் "இரு பேராயர்களும் ஆசி வழங்கினர்" என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவரை பிஷப் என்றும் மற்றவரை ஆர்ச்பிஷப் என்றும் பிரித்து எழுதிவிட்டேன். அது சரியா என்று நாத்தனாரிடம் கேட்டேன். "சரிதான் அண்ணி, ஆனா தமிழ்ல இருக்கறத மாத்திடாதீங்க" என்றாள். தமிழ் வரியையும் படத்துக்குக் கீழே அப்படியே விட்டிருக்கிறேன்.